மின்சார நிறுவனத்தோட ஆண்டறிக்கையையும் சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டையும் கால்குலேட்டர் வச்சு படிக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டுக்கே கரண்ட் கொடுக்கற நிறுவனம் வருஷா வருஷம் ரிப்போர்ட் போடும். சிலர் ஆண்டறிக்கை தனி, சுற்றுச்சூழலையும் பாதுகாப்பையும் பத்தி சொல்ற சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட் தனின்னு போடுவாங்க, சிலர் எல்லாத்தையும் சேர்த்து இன்டக்ரேட்டட் ரிப்போர்ட்னு ஒரே புத்தகமா போடுவாங்க, எப்படி போட்டாலும் 200, 300 பக்கத்துக்கு குறையாது. திறந்ததும் சேர்மன் கடிதம், அப்புறம் காற்றாலை போட்டோ, மரம் நட்ட போட்டோ, அதோட முக்கால்வாசி பேர் மூடி வச்சிடுவாங்க. உள்ள இருக்கற டேபிள்கள்லதான் விஷயமே இருக்கு, அதை எந்த வரிசையில எப்படி படிக்கணும்னு யாராவது உக்கார வச்சு சொல்லிக்கொடுத்தா நிறைய பேர் படிப்பாங்கன்னு நான் நம்பறேன், அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க. ஆபரேஷன்ஸ் அத்தியாயத்துல இருக்கற நம்பரும் கார்பன் அத்தியாயத்துல இருக்கற நம்பரும் ஒரே பாய்லர்ல இருந்து வந்தது. எழுதின டிபார்ட்மென்ட் வேற, டிசைன் பண்ணின ஏஜென்சி வேற, ஆனா எரிச்ச நிலக்கரி ஒண்ணுதான். அதனால ரெண்டும் ஒத்துப்போகணும், ஒத்துப்போகலன்னா எங்கயோ ஏதோ விடுபட்டிருக்கு. கீழ வர்ற எல்லா படியும் இதை சோதிக்கறதுக்குத்தான்.

வார்த்தை குழப்பம் வராம இருக்க: யூனிட்னு நான் சொல்றது கிலோவாட் அவர். பிளாண்ட்ல இருக்கற மெஷினையும் யூனிட்னுதான் சொல்லுவாங்க, அதை நான் செட்னு சொல்லிக்கறேன்.

படி 1: எல்லை எதுன்னு பாருங்க

கடைசி மூணு வருஷ ரிப்போர்ட்டையும் இறக்கிக்கோங்க, ஒரு வருஷத்தை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொண்ணுலயும் முதல்ல தேட வேண்டியது "இந்த ரிப்போர்ட் பற்றி"ங்கற அந்த சின்ன பக்கம். யாரும் படிக்காத பக்கம், ஆனா பாதி விடை அங்கதான் இருக்கு. துணை கம்பெனிகள் உள்ள வருதா, கூட்டு நிறுவனமா ஓடற பிளாண்ட் கணக்குல இருக்கா, காலம் ஏப்ரல் டு மார்ச்சா ஜனவரி டு டிசம்பரா, இதெல்லாம் குறிச்சு வச்சுக்கோங்க.

கார்பன் கணக்குக்கு ஜிஹெச்ஜி ப்ரோட்டோகால், அதாவது நிறுவனங்கள் புகையை கணக்கு போட உலகம் முழுக்க பயன்படுத்தற விதிமுறை, ரெண்டு வழி கொடுக்குது. ஒண்ணு, எவ்வளவு சதவீதம் பங்கு இருக்கோ அவ்வளவு சதவீத புகையை கணக்குல எடுத்துக்கறது. இன்னொண்ணு, யாரோட கட்டுப்பாட்டுல ஓடுதோ அவங்க முழுசா எடுத்துக்கறது. 49 சதவீதம் பங்கு வச்சிருக்கற ஒரு நிலக்கரி பிளாண்ட் முதல் வழியில பாதி உள்ள வரும், ரெண்டாவது வழியில மொத்தமா வெளிய போயிடலாம். ரெண்டுமே அனுமதிக்கப்பட்டதுதான், ஆனா லாபக் கணக்குல அந்த பிளாண்ட் இருந்து கார்பன் கணக்குல இல்லைன்னா அதை உங்க நோட்ல பெருசா எழுதி வைங்க.

படி 2: யூனிட்டோட பயணக் கணக்கை போடுங்க

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஜெனரேட்டர்ல பிறந்த யூனிட் பில் ஆகற வரைக்கும் எங்கெங்க கரையுதுன்னு வரிசையா எழுதுங்க. ஒரு கற்பனை நிறுவனம் எடுத்துக்கறேன், இதையே கடைசி வரைக்கும் பயன்படுத்தலாம்.

நிலக்கரியில 600 கோடி யூனிட், கேஸ்ல 200, நீர்மின்சாரம் 200, ஆக மொத்த உற்பத்தி 1,000 கோடி. இதுல பிளாண்டே தனக்குன்னு கொஞ்சம் சாப்பிடும். நிலக்கரி அரைக்கற மில், பெரிய ஃபேன்கள், பாய்லருக்கு தண்ணி தள்ளற பம்ப் இதுக்கெல்லாம் போறதைத்தான் ஆக்ஸிலரி கன்சம்ப்ஷன்னு சொல்றாங்க. நிலக்கரிக்கு 7 சதவீதம் வச்சா 42 கோடி, கேஸுக்கு இரண்டரை வச்சா 5, தண்ணிக்கு 1 வச்சா 2, மொத்தம் 49 கோடி போச்சு. வெளிய வர்றது 951 கோடி. தனியார்கிட்ட வாங்கினது 449 கோடின்னு வைங்க, கிரிட்டுக்குள்ள போனது 1,400 கோடி. லைன் லாஸ் 11 சதவீதம்னா 154 கோடி காணாம போகும், வித்தது 1,246 கோடி.

இந்த ஏழெட்டு வரி எல்லா ரிப்போர்ட்லயும் இருக்கணும். சிதறிக்கிடக்கும், ஒண்ணு 40ஆம் பக்கத்துல, இன்னொண்ணு பின்னிணைப்புல, பரவாயில்லை, பொறுக்கி எடுங்க. மொத்த உற்பத்தியா நிகர உற்பத்தியான்னு சொல்லாம வெறும் "உற்பத்தி"ன்னு போட்டிருந்தா அங்கயே ஒரு கேள்விக்குறி போடுங்க, பின்னாடி கார்பன் கணக்குல இது வந்து உதைக்கும்.

லைன் லாஸ் பத்தி கொஞ்சம் நிதானமா. கம்பியில சூடாகி போறது கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், அதாவது அதே கம்பியில அதே வோல்டேஜ்ல கரண்ட் 20 சதவீதம் கூடினா நஷ்டம் 44 சதவீதம் கூடும். அதனாலதான் டிமாண்ட் ஏறிக்கிட்டே இருக்கறப்ப புது லைனோ டிரான்ஸ்ஃபார்மரோ போடாம லாஸ் குறைஞ்சதுன்னு ஒரு நிறுவனம் சொன்னா எப்படின்னு கேக்கணும். இன்னொரு பக்கம் மீட்டர் ஓடாதது, கொக்கி போட்டு எடுக்கறது, பில் போடாம விட்டது, இதெல்லாம் டெக்னிக்கல் அல்லாத நஷ்டம். ரெண்டையும் பிரிச்சு காட்டற ரிப்போர்ட் நல்ல ரிப்போர்ட். பிரிக்காம ஒரே நம்பரா போட்டா எதை சரி பண்ணப்போறாங்கன்னே நமக்கு தெரியாது, ஏன்னா முதல் வகைக்கு மருந்து செம்பும் அலுமினியமும், ரெண்டாவதுக்கு மருந்து மீட்டரும் நிர்வாகமும்.

படி 3: பிளாண்டோட உடம்பு எப்படி இருக்கு

கெப்பாசிட்டி ஃபேக்டர், அதாவது முழு திறன்ல எத்தனை சதவீதம் ஓடுச்சுங்கறது, போடறது சுலபம். 500 மெகாவாட் செட் வருஷம் முழுக்க 8,760 மணி நேரமும் முழு வேகத்துல ஓடினா 438 கோடி யூனிட் வரும், 300 கோடிதான் வந்திருக்குன்னா 68.5 சதவீதம். ஆனா இது குறைஞ்சா உடனே பிளாண்ட் மோசம்னு முடிவு கட்டாதீங்க, விலை குறைவான கரண்ட் வேற இடத்துல கிடைச்சதால கண்ட்ரோல் ரூம்ல இருந்து இறக்கி ஓட்ட சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லையான்னு காட்டறது அவெய்லபிலிட்டி, அதாவது ஓடு ஓடுன்னு சொன்னா ஓடற நிலையில எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கறது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும்.

தென்னாப்பிரிக்காவோட அரசு மின்சார நிறுவனம் எஸ்காம் இதுக்கு நல்ல பாடம். அவங்க எனர்ஜி அவெய்லபிலிட்டி ஃபேக்டர்னு வெளிப்படையா போடறாங்க, 2023-24 நிதியாண்டுல அது 55 சதவீதத்துக்கும் கீழ போச்சு. ஸ்தாபித்த திறன் பக்கத்தை மட்டும் பாத்தா நாட்டுக்கு போதுமான கரண்ட் இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா 2023ல பெரும்பாலான நாட்கள்ல லோட் ஷெட்டிங். பேப்பர்ல இருக்கற மெகாவாட் வேற, சுத்தற மெகாவாட் வேற.

பிரான்ஸ்ல இடிஎஃப்ங்கற மின்சார நிறுவனத்தோட கதையும் அப்படித்தான். 2021ல சுமார் 361 டெராவாட் அவர் (ஒரு டெராவாட் அவர்னா 100 கோடி யூனிட்) அணு மின்சாரம், 2022ல 279ஆ விழுந்துச்சு, காரணம் ஸ்ட்ரெஸ் கொரோஷன்னு ஒரு வகை விரிசல் சில ரியாக்டர் பைப்புகள்ல கண்டுபிடிச்சு வரிசையா நிறுத்தி சோதிக்க வேண்டியதாயிடுச்சு. அந்த வருஷ நிகர நஷ்டம் 1,790 கோடி யூரோ. விலைக் கட்டுப்பாடும் அதுல ஒரு பங்கு, ஆனா மெஷின் நின்னதால வெளிய அதிக விலைக்கு வாங்கினதுதான் பெரிய அடி. 2023ல 320க்கு ஏறிச்சு. பைப்ல ஒரு விரிசல் லாப நஷ்டக் கணக்கு வரைக்கும் எப்படி நடந்து போகுதுன்னு பாருங்க.

அடுத்தது ஹீட் ரேட், ஒரு யூனிட் எடுக்க எவ்வளவு கிலோகலோரி எரிச்சாங்கன்னு சொல்ற நம்பர். ஒரு யூனிட் கரண்ட் 860 கிலோகலோரிக்கு சமம், அந்த 860ஐ ஹீட் ரேட்டால வகுத்தா எஃபிஷியன்சி வந்துடும். 2,400 கிலோகலோரின்னா 35.8 சதவீதம், அவ்வளவுதான், மீதி கூலிங் டவர் வழியாவும் புகைபோக்கி வழியாவும் போகுது. இங்க கவனிக்க ஒரு நுணுக்கம் இருக்கு: சோலார் அதிகமாக அதிகமாக நிலக்கரி செட்டை பகல்ல பாதி லோடுக்கு இறக்குவாங்க, அப்படி ஓட்டினா ஹீட் ரேட் கெடும். அதனால சோலார் ஏறின அதே வருஷம் ஹீட் ரேட் கொஞ்சம் மோசமாச்சுன்னு ஒரு நிறுவனம் ஒத்துக்கிட்டா எனக்கு அவங்க மேல நம்பிக்கை கூடுது.

படி 4: கார்பனை நீங்களே கணக்கு போடுங்க

இதுதான் இந்த வழிகாட்டியோட உயிர். ஐ.நா.வோட காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி கொடுத்திருக்கற டீஃபால்ட் அளவு தெரிஞ்சா போதும்: பிட்டுமினஸ் நிலக்கரி ஒரு ஜிகாஜூலுக்கு 94.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு, லிக்னைட்ங்கற பழுப்பு நிலக்கரி 101, டீசல் 74.1, இயற்கை எரிவாயு 56.1.

நம்ம கற்பனை நிறுவனத்துக்கு வருவோம். நிலக்கரி ஹீட் ரேட் 2,400 கிலோகலோரி, அதை ஜூலுக்கு மாத்தினா சுமார் 10.05 மெகாஜூல், 94.6 வச்சு பெருக்கினா ஒரு யூனிட்டுக்கு 0.95 கிலோ. 600 கோடி யூனிட்டுக்கு 57 லட்சம் டன். கேஸுக்கு ஹீட் ரேட் 1,800 வச்சா யூனிட்டுக்கு 0.42 கிலோ, 200 கோடி யூனிட்டுக்கு எட்டரை லட்சம் டன். மொத்தம் 65.5 லட்சம் டன். இப்ப ரிப்போர்ட்ல ஸ்கோப் 1னு போட்டிருக்கற நம்பரை பாருங்க. ஸ்கோப் 1னா நிறுவனமே எரிச்சு விட்ட புகை, ஸ்கோப் 2ன்னா வாங்கி தானே செலவழிச்ச கரண்டோட புகை, ஸ்கோப் 3ன்னா முன்னாடி பின்னாடி மத்தவங்க விடற புகை. அஞ்சு பத்து சதவீதம் முன்ன பின்ன இருந்தா சரி, நிலக்கரி தரம், கலோரியை எப்படி அளந்தாங்கங்கறது இதெல்லாம் அந்த இடைவெளியை உண்டாக்கும். குறிப்பா ஐபிசிசி அளவு நிகர கலோரி மதிப்புக்கு போட்டது, நிறுவனம் ஹீட் ரேட்டை மொத்த கலோரி மதிப்புல (புகையோட போற நீராவியில இருக்கற சூட்டையும் சேர்த்தது) சொல்லியிருந்தா உங்க விடை நிலக்கரிக்கு சுமார் 5, கேஸுக்கு சுமார் 10 சதவீதம் அதிகமா வரும், அதை கழிச்சுக்கோங்க. அதையும் தாண்டி 30 சதவீதம் இடிச்சா மறுபடி படி 1க்கு போங்க, ஏதோ ஒரு பிளாண்ட் எல்லைக்கு வெளிய நிக்குது.

நான் முதல் தடவை இந்தக் கணக்கை ஒரு ரிப்போர்ட் மேல போட்டு பாத்தப்ப ராத்திரி ரெண்டு மணி, என் விடை அவங்க நம்பரை விட கால் பங்கு அதிகமா வந்துச்சு, நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு மூணு தடவை திரும்ப போட்டேன். கடைசியில ஒரு அடிக்குறிப்பு கண்ணுல பட்டுச்சு, ஒரு குத்தகை பிளாண்ட்டை உற்பத்தியில சேர்த்து புகையில விட்டிருந்தாங்க. மறைக்கல, எழுதித்தான் இருந்தாங்க, ஆனா ஆறு பாயிண்ட் எழுத்துல.

அடுத்து இன்டென்சிட்டி, யூனிட்டுக்கு எத்தனை கிலோங்கறது. இதுல வகுக்கற எண்ணை மாத்தினாலே விடை மாறிடும். 65.5 லட்சம் டன்னை சொந்த நிகர உற்பத்தியால வகுத்தா 0.69, மொத்த உற்பத்தியால வகுத்தா 0.65, வாங்கினதையும் சேர்த்து வித்த யூனிட்டால வகுத்தா 0.53. பிளாண்ட்ல எதுவுமே மாறல, ஒரு வால்வு கூட திருகல, இன்டென்சிட்டி மட்டும் கால்வாசிக்கு கிட்ட குறைஞ்சிடுச்சு. வாங்கின கரண்டோட புகையை மேல சேர்க்காம அந்த யூனிட்டை கீழ மட்டும் சேர்க்கறது நியாயமே இல்லாத வகுத்தல்.

அந்த வாங்கின கரண்டோட புகை எங்க வரும்னா ஸ்கோப் 3ல, எரிபொருள் மற்றும் எனர்ஜி சார்ந்த மூணாவது வகையில, வாங்கி வாடிக்கையாளருக்கு வித்த மின்சாரம்னு இருக்கும். லைன் நிறுவனத்தோடதா இருந்தா வழியில கரைஞ்ச வாங்கின கரண்ட் ஸ்கோப் 2. இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ஒரு நிறுவனம் தன்னோட நிலக்கரி பிளாண்ட்டை வித்துட்டு அதே பிளாண்ட்ல இருந்து ஒப்பந்தம் போட்டு அதே கரண்ட்டை வாங்கலாம். ஸ்கோப் 1 சரசரன்னு இறங்கும், கிராஃப் அழகா இருக்கும், அதே புகைபோக்கியில அதே புகை. ஸ்கோப் 3 இல்லாத மின்சார ரிப்போர்ட்டை பாதி ரிப்போர்ட்டாத்தான் நான் எடுத்துக்கறேன்.

படி 5: எஸ்எஃப்6, சின்ன எண் பெரிய விஷயம்

சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு, சப் ஸ்டேஷன்ல பிரேக்கருக்குள்ள இன்சுலேஷனுக்கு அடைச்சிருக்கற வாயு இது. ஐபிசிசி அஞ்சாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி 100 வருஷ கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 23,500 மடங்கு சூடாக்கும். 500 கிலோ கசிஞ்சா 11,750 டன்னுக்கு சமம். அளக்கறது எப்படின்னா சிலிண்டர் கணக்குதான், வருஷ ஆரம்ப இருப்பு, வாங்கினது, திரும்ப எடுத்தது, வருஷக் கடைசி இருப்பு. பிரேக்கர்ல பிரஷர் கேஜ் முள் இறங்கி அலாரம் வந்ததும் ஆள் போய் சிலிண்டரை மாட்டி டாப் அப் பண்ணுவாங்க, எத்தனை கிலோ போட்டாங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுதினாத்தான் ரிப்போர்ட்ல அந்த நம்பர் வரும். அதனால ரிப்போர்ட்ல எஸ்எஃப்6 பூஜ்யம்னு இருந்தா கசிவே இல்லைன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அந்த ரிஜிஸ்டர் இருக்கான்னு கேளுங்க.

படி 6: தண்ணி, சாம்பல், கந்தகம்

தண்ணியில எடுத்ததும் தீர்ந்ததும் வேற வேற. கடல் தண்ணியையோ ஆத்து தண்ணியையோ ஒரு தடவை ஓட விட்டு திருப்பி விடற பிளாண்ட் மலை மாதிரி எடுக்கும், ஆனா தீர்க்கறது கம்மி, திரும்பி போற தண்ணி சூடா போகும். கூலிங் டவர் பிளாண்ட் கம்மியா எடுத்து பெரும்பகுதியை ஆவியா விட்டுடும். இந்தியாவுல 2015 டிசம்பர்ல வந்த விதி ஏற்கனவே ஓடற கூலிங் டவர் பிளாண்ட்டுக்கு ஒரு மெகாவாட் அவருக்கு 3.5 கன மீட்டர்னு வச்சுது, ஒப்பிட்டு பாக்க அது ஒரு நல்ல அளவுகோல். எஸ்காமோட மட்டிம்பா மாதிரி காத்துல குளிர வைக்கற பிளாண்ட்டுகளுக்கு தண்ணி ரொம்ப கம்மி, பதிலுக்கு எஃபிஷியன்சி கொஞ்சம் போகும்.

சாம்பலுக்கு எரிச்ச நிலக்கரியை சாம்பல் சதவீதத்தால பெருக்கி பாத்துடுங்க, சிமென்ட்டுக்கு போனதும் குளத்துல கொட்டினதும் சேர்ந்து அந்த அளவு வரணும்.

கந்தகத்துல ஆபரேஷனும் சுற்றுச்சூழலும் நேருக்கு நேர் மோதிக்கிட்ட ஒரு சம்பவம் சொல்றேன். எஸ்காமோட குசிலே பிளாண்ட்ல 2022 அக்டோபர்ல புகை போற டக்ட் இடிஞ்சு ஒரே புகைபோக்கியை நம்பின மூணு செட் நின்னு போச்சு, ஒவ்வொண்ணும் சுமார் 800 மெகாவாட். இருட்டுல இருந்த நாட்டுக்கு அந்த கரண்ட் அவசரமா தேவை, அதனால கந்தகத்தை வடிகட்டற அமைப்பு வழியா போகாம தற்காலிக புகைபோக்கி கட்டி ஓட்ட 2023ல விலக்கு கொடுத்தாங்க, அந்த வருஷக் கடைசிக்குள்ள மூணும் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. அவெய்லபிலிட்டி நம்பரை மட்டும் பாக்கறவங்களுக்கு அது வெற்றி, பக்கத்துல மூச்சு விடறவங்களுக்கு அது வேற கதை. ரெண்டு அத்தியாயத்தையும் சேர்த்து படிக்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்காகத்தான்.

படி 7: கரண்ட் எவ்வளவு நேரம் போச்சு

சைடி, சைஃபின்னு ரெண்டு நம்பர் வரும், சைடி ஒரு வாடிக்கையாளருக்கு சராசரியா எத்தனை நிமிஷம் கரண்ட் போச்சுங்கறது, சைஃபி எத்தனை தடவை போச்சுங்கறது. ஒரு லட்சம் இணைப்பு இருக்கற ஊர்ல ஒரு ஃபீடர் ட்ரிப் ஆகி 10,000 பேருக்கு ஒரு மணி நேரம் போச்சுன்னா 6 லட்சம் வாடிக்கையாளர் நிமிஷம், அதை ஒரு லட்சத்தால வகுத்தா சைடியில 6 நிமிஷம் ஏறும், சைஃபியில 0.1 ஏறும். இப்படி வருஷம் முழுக்க கூட்டணும். எதை விட்டுட்டாங்கன்னு பாக்கறதுதான் முக்கியம். இந்த நம்பர்களை கணக்கு போடறதுக்கான ஐஇஇஇ 1366ங்கற தர முறையில புயல் மாதிரியான அசாதாரண நாட்களை தனியா எடுத்து வைக்கலாம், நியாயம்தான், ஆனா எடுத்தது எடுக்காதது ரெண்டும் போடணும். முன்கூட்டி சொல்லிட்டு செஞ்ச ஷட்டவுனும், தட்டுப்பாட்டுக்காக போட்ட பவர் கட்டும் கணக்குல இருக்கான்னு பாருங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு ஃபேன் நின்னா நின்னதுதான். ட்ரிப்பை கையால எழுதற இடத்துல அஞ்சு நிமிஷத்துக்கு குறைஞ்சது பதிவாகாமலே போகும், ஆட்டோமேட்டிக் மீட்டர் வந்த வருஷம் சைஃபி திடீர்னு ஏறும், அது சேவை கெட்டதா அளவு சரியானதான்னு விளக்கம் இருக்கான்னு தேடுங்க.

படி 8: உயிர்

இந்தப் பக்கத்தை மட்டும் வேகமா புரட்டாதீங்க. சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டுக்கான ஜிஆர்ஐ தரங்கள்ல வேலையிடப் பாதுகாப்பு பத்தினது 403, அதுல நிரந்தர ஊழியர் ஒரு வரி, நிறுவனத்தோட கட்டுப்பாட்டுல வேலை செய்யற மத்தவங்க இன்னொரு வரி. கம்பம் ஏறறதுல பெரிய பங்கு பல இடங்கள்ல ஒப்பந்த ஆட்கள்தான், அதனால ரெண்டாவது வரி காலியா இருந்தா முதல் வரியில பூஜ்யம் இருக்கறதுக்கு அர்த்தமே இல்லை. பழைய ஜிஆர்ஐ மின்துறை இணைப்புல இயூ25னு ஒண்ணு இருந்துச்சு, அறுந்து கிடந்த கம்பியை மிதிச்சவங்க மாதிரி பொதுமக்கள் சாவையும் காயத்தையும் கேக்கறது, இன்னும் அதை தொடர்ந்து போடற நிறுவனங்களை மதிக்கணும். ஒவ்வொரு சாவுக்கும் என்ன நடந்துச்சு, எர்த் போட்டிருந்தாங்களா, லைன் க்ளியரன்ஸ் (லைனை ஆஃப் பண்ணியாச்சு, வேலை செய்யலாம்ங்கற அனுமதி) கொடுத்தது யாரு, அப்புறம் என்ன மாத்தினாங்கன்னு நாலு வரி எழுதற ரிப்போர்ட்டையும் "பாதுகாப்பே எங்கள் முதல் கடமை"ன்னு ஒரே வரியில முடிக்கற ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சு பாருங்க.

படி 9: இலக்கும் பணமும்

2050ல நெட் ஜீரோ, அதாவது விடற புகையும் திரும்ப எடுக்கறதும் சமமாகிடும்னு எழுதறதுக்கு காசு ஆகாது. கேபெக்ஸ், அதாவது மூலதனச் செலவு பக்கத்துக்கு போங்க, அடுத்த அஞ்சு வருஷத்துல லைனுக்கும் ஸ்டோரேஜுக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க, எந்த செட் எந்த வருஷம் மூடப்போகுதுன்னு பேர் சொல்லியிருக்காங்களான்னு பாருங்க. அடிப்படை வருஷம் எதுன்னும் பாருங்க, நிலக்கரி அதிகமா எரிச்ச ஒரு வருஷத்தை தேர்ந்தெடுத்தா எதுவும் செய்யாமலே குறைப்பு வரும். மழை பெஞ்ச வருஷம் நீர்மின்சாரம் ஏறி கார்பன் இறங்கறதும் அப்படித்தான், அது வானத்தோட சாதனை.

ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2ங்கற சர்வதேச காலநிலை ரிப்போர்ட்டிங் தரம் 2023 ஜூன்ல வந்துச்சு, 2024 ஜனவரியில இருந்து தொடங்கற நிதியாண்டுகளுக்கு, ஒவ்வொரு நாடும் தன் வேகத்துல ஏத்துக்கிட்டு இருக்கு. அது கேக்கறது காலநிலையால நிறுவனத்தோட பணத்துக்கு என்ன ஆகும்னு. ஜாம்பியாவோட மின்சார நிறுவனம் ஜெஸ்கோவை பாருங்க, கரண்ட்ல பெரும்பகுதி தண்ணியில இருந்து, கார்பன் நம்பர் பாத்தா பொறாமையா இருக்கும், 2024 வறட்சியில அவங்க பெரிய நீர்மின் அணையோட கரீபா ஏரி வத்தி நாளுக்கு பல மணி நேரம் கரண்ட் இல்லை. சுத்தமான கரண்ட்டுக்கும் ஆபத்து இருக்கு, அதை எழுதியிருக்காங்களான்னு பாருங்க.

படி 10: கடைசி பக்கத்துல கையெழுத்து

அஷ்யூரன்ஸ் கடிதம்னு ஒண்ணு இருக்கும், வெளி ஆள் நம்பர்களை சோதிச்சு கொடுக்கற கடிதம். லிமிடெட் அஷ்யூரன்ஸ்னா "தப்பா இருக்கறதா எதுவும் எங்க கவனத்துக்கு வரல"ன்னு எழுதுவாங்க, ரீசனபிள் அஷ்யூரன்ஸ்னா "சரியா இருக்கு"ன்னு நேரா சொல்லுவாங்க, ரெண்டுக்கும் செய்யற வேலை ரொம்ப வித்தியாசம். இந்தியாவுல பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தற செபியோட பிஆர்எஸ்ஆர் கோர்ங்கற சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட் விதி 2023-24ல இருந்து முதல் 150 லிஸ்டட் நிறுவனங்களுக்கு ரெண்டாவது வகையை கொண்டு வந்துச்சு. கடிதத்துல எந்தெந்த நம்பரை சோதிச்சோம்னு ஒரு பட்டியல் இருக்கும், ஸ்கோப் 1ம் 2ம் மட்டும் இருந்து சைடியும் சாவு எண்ணிக்கையும் லைன் லாஸும் அதுல இல்லைன்னா அதையெல்லாம் வெளியாள் யாரும் தொட்டு பாக்கலன்னு அர்த்தம்.

இவ்வளவும் முடிச்சப்ப உங்க ஷீட்ல நாப்பது வரி, வருஷத்துக்கு ஒண்ணா மூணு நெடுவரிசை இருக்கும், பக்கத்துல பதில் இல்லாத கேள்வி பத்து பன்னெண்டு இருக்கும். அந்த கேள்விகளை பக்க எண்ணோட நிறுவனத்துக்கு எழுதுங்க, ரிப்போர்ட்லயே தொடர்புக்குன்னு ஒரு முகவரி கொடுத்திருப்பாங்க, கட்டண உயர்வுக்கு ஒழுங்குமுறை ஆணையம் கருத்து கேக்கறப்பயும் கொடுக்கலாம். அடுத்த வருஷ ரிப்போர்ட் வந்ததும் புது நம்பரை ஏத்தறதுக்கு முன்னாடி, போன வருஷத்துக்குன்னு அவங்க இப்ப போட்டிருக்கற நம்பர் உங்க ஷீட்ல ஏற்கனவே இருக்கற நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, மாறியிருந்தா அது ஏன்னு எந்த அடிக்குறிப்புல சொல்லியிருக்காங்கன்னு தேடறதுல இருந்து ஆரம்பிங்க.